இரவுப் பாதைக்குக் காவல் யார்?

திருவண்ணாமலையில் 2025 செப்டம்பர் மாதக் கடைசியில் நடந்த கொடுமை, கேட்டவர் நெஞ்சையெல்லாம் பதற வைத்தது. ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சரக்கு வண்டியில் பெண்கள் இருவர் வந்தனர். பிழைப்புக்காக இரவெல்லாம் பிரயாணம் செய்து மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். ஊரின் எல்லையில், ஏந்தல் புறவழிச் சாலையருகே, நடுநிசிக்குப் பின் அவர்களை வழிமறித்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர்; ரோந்து சுற்றிய போலீஸ்காரர்கள் இருவர். விசாரணை என்று சொல்லிப் பெண்களை அழைத்துச் சென்று, ஆளில்லாத இடத்தில் இளம் பெண்ணைப் பலாத்காரம் செய்தார்கள் என்பது வழக்கு. அவருக்குக் கை கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்து ஜனங்களே. ஆம்புலன்ஸை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவர்களும் அவர்களே.

போலீஸ்காரர்கள் இருவரும் கைதானார்கள். சில நாட்களுக்குள் அரசியல் சட்டத்தின் 311-வது ஷரத்தைப் பயன்படுத்தி வேலையிலிருந்தே நீக்கப்பட்டார்கள். குற்றத்தைத் தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை. அதில் நாம் தலையிடவில்லை. நடவடிக்கை தாமதமின்றி எடுக்கப்பட்டதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், இரண்டு களைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டோம், வயல் சுத்தமாகிவிட்டது என்று அதிகாரிகள் நினைத்தால், அதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை. களை முளைத்த மண் எது? அதற்குத் தண்ணீர் பாய்ச்சியவர் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் அடுத்த பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை.

அடி அண்ணாமலை கிராமத்து மக்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அவர்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பௌர்ணமிதோறும் ஊர் தூங்குவதில்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் வெறுங்காலோடு இரவு முழுவதும் அந்தப் பாதையில் நடக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கைக்குழந்தையுடன் வருகிற தாய்மார்கள், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கிற பாட்டிகள், துணையின்றித் தனியே வருகிற பெண்கள் என எல்லோரும் உண்டு. பாதையோரத்தில் டீயும் பூவும் இளநீரும் விற்றுப் பிழைக்கிற பெண்களும், விடியுமுன் குப்பை அள்ள வருகிற துப்புரவுத் தொழிலாளிகளும் அந்த இருட்டில்தான் நடமாடுகிறார்கள்.

இத்தனை பேரும் எந்தத் தைரியத்தில் நடக்கிறார்கள்? பாதையில் காக்கிச் சட்டை நிற்கிறது, ஆபத்து வந்தால் அங்கே ஓடலாம் என்ற ஒரே தைரியத்தில்தான். செப்டம்பர் சம்பவம் உடைத்தது அந்தத் தைரியத்தை. திருடன் செய்யும் குற்றம் ஒருவரைப் பாதிக்கிறது. போலீஸ்காரர் செய்யும் குற்றம், ஆபத்தில் ஓடிச் சேரும் இடமே இல்லாமல் ஊர் முழுவதையும் அநாதையாக்கி விடுகிறது.

போலீஸ்காரரின் சுமை

இதைச் சொல்லும்போதே இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். காக்கிச் சட்டைக்குள் இருப்பவரும் பெரும்பாலும் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான். அல்லது கூலி வேலை செய்து படிக்க வைத்த தாயின் மகள்தான். கார்த்திகை தீபம் வந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸார் பல ஜில்லாக்களிலிருந்து திருவண்ணாமலைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். கிடைத்த இடத்தில் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, நின்ற காலிலேயே நாள் கணக்கில் வேலை செய்கிறார்கள். காணாமற்போன குழந்தையைத் தேடிக் கொடுப்பதும், மயங்கி விழுந்த கிழவரைத் தூக்கிச் செல்வதும், நெரிசலில் உயிர் போகாமல் பார்த்துக் கொள்வதும் அவர்கள்தான். 2024 டிசம்பர் 1-ல் மலைச்சரிவில் மண் சரிந்து 7 உயிர்கள் பலியாயின. அந்தத் துயரம் நடந்து இரண்டு வாரம் கூட ஆகாத நிலையில், டிசம்பர் 13-ல் தீபத்துக்குத் திரண்ட கூட்டத்தை மலைமேல் ஏறவிடாமல் தடுத்துக் காக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

இந்த உழைப்புக்கு ஓய்வு உண்டா? வாரத்தில் ஒரு நாள் லீவு என்று 2021-ல் சர்க்கார் அறிவித்தது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை, அவசர வேலை என்று ஏதாவதொரு காரணத்தால் அந்த ஒரு நாளும் கைநழுவிப் போகிறது என்பதே கீழ்மட்டத்துப் போலீஸாரின் குறை. அதிகாரிகளின் வீட்டில் எடுபிடி வேலை பார்க்கும் ஆர்டர்லி முறை 1979-லேயே ரத்து செய்யப்பட்டது. ஆனால் 43 ஆண்டுகள் கழித்து, 2022-ல், சென்னை ஹைகோர்ட் தலையிட்டு அதை ஒழிக்கும்படி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது! சட்டத்தைக் காக்க வேண்டிய இலாகாவின் மேலதிகாரிகளே சொந்த வீட்டுக்குள் சட்டத்தை இப்படி மதித்தால், ஸ்டேஷனில் அது எப்படி மதிக்கப்படும்?

குறையைச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போலீஸ்காரர்கள் தொழிற்சங்கம் அமைப்பதை 1966-ம் ஆண்டின் மத்திய சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதே சட்டம் அமலில் உள்ள கேரளத்தில், சர்க்காரின் அங்கீகாரத்துடன் போலீஸார் சங்கம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அதனால் அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலோ கான்ஸ்டபிள் வாய் திறந்தால் ஒழுங்கு நடவடிக்கை. மேலே அவமானம், கீழே அதிகாரம் என்று ஒரு மனிதனைப் பழக்கினால், மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைக்கத்தான் அவன் கற்றுக் கொள்வான். குற்றத்துக்கு இது மன்னிப்பாகாது. இதே கஷ்டத்தில் வாழும் ஆயிரமாயிரம் போலீஸார் யோக்கியமாக இருக்கிறார்கள். ஆனால் நோயின் வேர்களில் இதுவும் ஒன்று.

இரண்டு திருட்டு, இரண்டு விசாரணை

காலம் மாறிவிட்டது, குற்றமும் மாறிவிட்டது. கன்னக்கோல் வைத்த காலம் போய், செல்போனில் பேசியே ஜனங்களின் பாங்குக் கணக்கைத் துடைத்தெடுக்கும் காலம் வந்திருக்கிறது. திருடன் ஓர் ஊரில், ஏமாந்தவர் இன்னோர் ஊரில், பணம் போய்ச் சேருவது மூன்றாவது ஊரில். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் போன் செய்த பிறகு தாலுகா ஸ்டேஷனில் இதைப் புரிந்து விசாரிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டாமா?

பயிற்சியும் விஞ்ஞானமும் என்ன சாதிக்கும் என்பதற்கு இதே ஜில்லாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களை ஒரே இரவில் வெல்டிங் வைத்து அறுத்து, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிச் சென்றது ஒரு கோஷ்டி. தடயம் கிடைக்கக் கூடாதென்று தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். போலீஸார் காமிராப் பதிவுகளை வைத்து வண்டியின் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். மாநிலம் மாநிலமாகத் தேடிச் சென்று, ஹரியானாவில் போய்க் குற்றவாளிகளைப் பிடித்தார்கள். அவர்களுக்குக் கை கொடுத்தது லத்தி அல்ல, புத்தியும் உழைப்புமே. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

இதோடு இன்னொரு விசாரணையை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரத்தில், காரில் வைத்த சில சவரன் நகையைக் காணோம் என்று கோயிலுக்கு வந்த ஒருவர் புகார் சொன்னார். கோயிலில் காவல் வேலை பார்த்த ஏழை இளைஞரை ஸ்பெஷல் டீம் போலீஸார் பிடித்துக் கொண்டு போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. உடலில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள் என்றது பிரேதப் பரிசோதனை. ஐந்து போலீஸார் கைதாகி, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போயிற்று. ஸ்பெஷல் டீம்களும் கலைக்கப்பட்டன.

70 லட்சம் போன வழக்கில் விஞ்ஞானம். சில சவரன் போன வழக்கில் லத்தி. ஏன் இந்த வித்தியாசம்? முதல் வழக்கில் திருடன் யாரென்று தெரியாது. தேடித்தான் ஆக வேண்டும். இரண்டாவதில் ஏழை ஒருவன் கைக்கெட்டிய தூரத்தில் நின்றான். தேட வேண்டிய சிரமமே இல்லை. கேட்பாரற்றவனை அடித்தால் உண்மை வரும் என்பது சோம்பேறியின் துப்பறியும் முறை. அடியில் வருவது உண்மையல்ல; வலி தாங்காமல் சொல்லும் வாக்குமூலம். அதனால்தான் போலீஸாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சட்டமே சாட்சியமாக ஏற்பதில்லை.

170 ஆண்டுப் பழைய வியாதி

இந்த வியாதி இன்று பிறந்ததல்ல. கும்பினி ஆட்சியில் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஒரு கமிஷன் போடப்பட்டது. அதன் அறிக்கை 1855-ல் வெளிவந்தது. வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் விவசாயிகளை வெயிலில் நிறுத்தினார்கள், அடித்தார்கள், கிட்டி போட்டு விரல்களை நசுக்கினார்கள் என்பதையெல்லாம் அந்த வெள்ளைக்காரக் கமிஷனே ஒப்புக் கொண்டது. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்தது அன்றைய நிலைமை. இந்த அறிக்கையை எடுத்து வைத்துக் கொண்டுதான் காரல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில், இந்தியாவில் சித்திரவதைகள் பற்றிக் கட்டுரை எழுதி, ஆங்கிலேயரின் நாகரிக வேஷத்தைக் கலைத்தார்.

அறிக்கைக்குப் பிறகு 1859-ல் சென்னை ஜில்லாப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூல் தனி, போலீஸ் தனி என்று பிரித்தார்கள். ஆனால் புதிய போலீஸ் யாருக்காக? ஜனங்களுக்காக அல்ல, ஜனங்களை அடக்கி வைப்பதற்காக. வெள்ளைக்காரன் போனான்; அவன் தைத்த சட்டை போகவில்லை. சுதந்திர நாட்டிலும் அந்தச் சட்டத்தின் மேலேயே ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் காலம் ஓட்டப்படுகிறது. 1969 முதல் தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து போலீஸ் கமிஷன்கள் நியமிக்கப்பட்டன. அறிக்கைகள் அலமாரியை நிரப்பின, ஸ்டேஷன்களை மாற்றவில்லை.

பெண்கள் பட்ட பாட்டுக்கும் நீண்ட சரித்திரம் உண்டு. 1972-ல் மகாராஷ்டிரத்தில், ஸ்டேஷனுக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமி பலாத்காரத்துக்கு ஆளானாள். அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. நாடு கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பின் பலனாகவே, காவலில் நடக்கும் பலாத்காரத்துக்குக் கடுந்தண்டனை விதிக்கும் திருத்தம் 1983-ல் வந்தது.

நம் தமிழ்நாட்டில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று தர்மபுரி ஜில்லாவின் அந்த மலைக் கிராமத்தில் வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த்துறையினரும் புகுந்து நடத்திய அக்கிரமத்தில் 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. அதிகாரவர்க்கம் முதலில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. 269 பேர் மீது நடந்த வழக்கில், விசாரணைக்கு நடுவே இறந்துபோன 54 பேர் தவிர மற்ற 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29-ல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. நீதி வந்தது, ஆனால் 31 ஆண்டுகள் நடந்து வந்தது. ஒரு பெண் தன் இளமை முழுவதையும் கோர்ட் வாசலில் கழித்த பிறகுதான் நீதி கிடைக்குமென்றால், எத்தனை பேர் புகார் கொடுக்க முன்வருவார்கள்?

சட்டம் ஸ்டேஷனில், அக்கிரமம் வெளியே

சட்டம் இல்லாமலில்லை. சூரியன் அஸ்தமித்த பின் உதயம் வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது; தவிர்க்க முடியாத நிலையில் மாஜிஸ்டிரேட்டின் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரியே செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்காகப் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவை தொடர்கின்றன. அப்படியிருக்க, நடுநிசியில் இரண்டு ஆண் போலீஸார் விசாரணை என்ற பெயரில் பெண்களைத் தனியே அழைத்துச் செல்வது, அதற்கு மேல் எதுவும் நடந்திராவிட்டாலும், சட்டத்தின் நோக்கத்தையே மீறிய செயல்.

ஸ்டேஷன்களில் காமிரா வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் மாண்டபோது, ஸ்டேஷன் காமிராவின் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அன்று உண்மையைக் காப்பாற்றியது இயந்திரமல்ல. மிரட்டலுக்கு அஞ்சாமல் சாட்சி சொன்ன ஒரு பெண் ஏட்டு. காக்கிக்குள்ளும் மனச்சாட்சி உண்டு என்பதற்கு அவரே அத்தாட்சி. ஸ்டேஷனில் காமிரா வந்ததும் அக்கிரமம் நின்றுவிடவில்லை. ஸ்டேஷனைவிட்டு வெளியே போயிற்று. மடப்புரத்தில் அடி விழுந்தது ஸ்டேஷனில் அல்ல. ஏந்தலிலும் சம்பவம் நடந்தது வெளியேதான். ஆகவே கண்காணிப்பும் சாலைக்கு வர வேண்டும்.

புகாரை யாரிடம் கொடுப்பது?

போலீஸ்காரர் தவறு செய்தால் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு 2006 செப்டம்பர் 22-ல் சுப்ரீம் கோர்ட் பிரகாஷ் சிங் வழக்கில் பதில் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில், மாநிலத்திலும் ஜில்லாதோறும் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான ஸ்தாபனம் வேண்டும் என்றது. தமிழ்நாடு என்ன செய்தது? 2013-ல் ஒரு சட்டம் கொண்டு வந்து, மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது; போலீஸ் டைரக்டர் ஜெனரலை அங்கத்தினராக்கியது. ஜில்லாவில் கலெக்டர் தலைவர். போலீஸ் சூப்பரின்டெண்டு அங்கத்தினர்! மாமியார் மீது பிராது, பஞ்சாயத்திலும் மாமியார். அடி அண்ணாமலையில் பூ விற்கும் பெண் ஒரு கான்ஸ்டபிள் மீது புகார் கொடுக்க வேண்டுமானால், அந்தக் கான்ஸ்டபிளின் மேலதிகாரி முன்புதான் போய் நிற்க வேண்டும். இதற்குப் பெயர் சீர்திருத்தமா?

ஏன் எந்தக் கட்சியின் மந்திரிசபை வந்தாலும் இதை மாற்றத் தயங்குகிறது? போலீஸ் தன் கைக்குள் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். இதே ஜில்லாவில், மேல்மாவில் சிப்காட் விஸ்தரிப்புக்காக நிலத்தைப் பறிக்காதே என்று போராடிய விவசாயிகளில் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. ஜனங்களின் கண்டனம் எழுந்த பிறகே அது வாபஸ் பெறப்பட்டது. நிலத்தைக் காக்க நின்ற உழவன் குண்டனா? அதே ஆண்டு ஜனவரி 30-ல், தென்முடியனூரில் பல பத்தாண்டுகளாக வாசலோடு நிறுத்தப்பட்ட தலித் மக்கள், போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்து பொங்கல் வைத்து வழிபட்டார்கள். அன்று காக்கிச் சட்டை சட்டத்தின் பக்கமும் நியாயத்தின் பக்கமும் நின்றது. ஒரே ஜில்லா, ஒரே போலீஸ், ஒரே ஆண்டு. ஏவுகிறவர் எப்படியோ அப்படியே போலீஸும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே நாம் வற்புறுத்துவது இவற்றைத்தான்:

புகார் ஆணையங்களிலிருந்து போலீஸ் அதிகாரிகளையும் உள்துறை அதிகாரிகளையும் விலக்கி, சுப்ரீம் கோர்ட் சொன்னபடி ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் சுயேச்சையாக அமைக்க வேண்டும்.

இரவு ரோந்தில் பெண் போலீஸார் இருக்க வேண்டும். பெண்கள் உள்ள வண்டியை நிறுத்தினால், நிறுத்திய நேரம், இடம், காரணம் மூன்றையும் உடனே கண்ட்ரோல் ரூமுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். ரோந்துப் போலீஸாரின் உடையில் காமிரா இருக்க வேண்டும். அதை அணைத்து வைப்பதே தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

கிரிவலப் பாதை முழுவதிலும் வெளிச்சமும், அடி அண்ணாமலை போன்ற இடங்களில் பெண்களுக்கான உதவி மையமும் பௌர்ணமிக்கு மட்டுமல்ல, 365 நாளும் இருக்க வேண்டும்.

போலீஸார் மீதான பலாத்கார, சித்திரவதை வழக்குகளை அவர்களுடைய ஸ்டேஷனோ ஜில்லாவோ விசாரிக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் வெளிமாநிலத்தவரானால் அவரது பிரயாணச் செலவும் வக்கீல் உதவியும் பாதுகாப்பும் சர்க்காரின் பொறுப்பு. பாஷை தெரியாத ஊரில் கோர்ட் படியேறி அவர் களைத்துப் போகும்படி விட்டால், அது இரண்டாவது அநீதி.

வார லீவும் எட்டு மணி நேர வேலையும் போலீஸாருக்கு நடைமுறையில் கிடைக்க வேண்டும். காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். ஆர்டர்லி முறையின் மிச்சசொச்சமும் ஒழிய வேண்டும். குறைகளைச் சொல்ல அவர்களுக்குச் சங்கம் வேண்டும். தன் உரிமையை அறிந்தவரே பிறர் உரிமையை மதிப்பார்.

இவை எதுவும் ஆகாயக் கோட்டையல்ல. பாதிக்குமேல் கோர்ட்டுகளே ஏற்கெனவே சொன்னவை. குறைவது பணமல்ல, மனம். அந்த மனத்தை மேலிருந்து யாரும் இறக்கித் தரமாட்டார்கள். மகாராஷ்டிரத்துச் சிறுமிக்காக எழுந்த குரல்தான் சட்டத்தைத் திருத்தியது. வாச்சாத்திப் பெண்களின் பிடிவாதம்தான் 215 பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஏந்தலில் அந்த விடியற்காலையில் ஓடி வந்து உதவிய ஜனங்கள் ஆந்திரத்துப் பெண்ணா, தமிழ்ப் பெண்ணா என்று பார்க்கவில்லை. அந்த மனிதத்தன்மையை ஸ்தாபன பலமாக்க வேண்டும். மாதர் சங்கங்களும், வாலிபர்களும், வியாபாரிகளும், பாதையோரக் கடைக்காரர்களும், விவசாயிகளும் ஒன்றுகூடி ஊருக்கு ஊர் இந்தக் கோரிக்கைகளை எழுப்பட்டும்.

நடுநிசியில் ஒரு பெண் காக்கிச் சட்டையைக் கண்டதும் பயந்து ஒதுங்காமல், நிம்மதியாக மூச்சு விடுகிற நாள் வர வேண்டும். அதுவரை இந்தக் கேள்வியைச் சர்க்காரிடம் விடாமல் கேட்டுக் கொண்டேயிருப்போம்.